இன்னொருவர் திறந்திருக்கிறார்

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த ஷிராஸ் கடையின் இரும்புக் கதவைத் தூக்கியபோது, லீலாதேவி நனைந்த குடையோடு படிக்கட்டில் காத்துக்கொண்டு நின்றாள்.

“என்னக்கா, எனக்கு முந்தியே வந்தீக்கிறீங்க? கடைய ஒங்க பேருக்கு எழுதித் தரட்டா?”

அவள் சிரிக்கவில்லை. “கெதியா ஒரு மெசினைப் போடு ஷிராஸ். கலியாணப் பதிவை பிரிண்ட் எடுக்க வேணும். பின்னேர ரயிலுக்குக் கொழும்பு போறன்.”

கண்டி மணிக்கூண்டுக்குப் பின்னால், பழைய கட்டடமொன்றின் மேல்மாடியில் இருந்தது அந்த நெட் கஃபே. பலகையால் தடுத்த குட்டிக் குட்டி அறைகள். மழை பிடித்தால் பகலிலேயே இருட்டிவிடும். சுவர்களில் ஈரம் ஊறிய வாடை எப்போதும் இருக்கும்.

லீலாதேவியின் கணவன் மகேந்திரராசா அச்சகத்தில் பக்கம் அமைப்பவன். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம் எல்லாம் சேர்த்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகங்கள்தான் அவன் கைவண்ணம். யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-9 பாதையைச் சண்டையில் மூடிய பிறகு அந்த வேலையை இணையத்துக்குக் கொண்டுபோனான். ஒரே பக்கத்தைச் செத்தவரின் மகன் யாழ்ப்பாணத்திலும் மகள் கனடாவிலும் இவன் கண்டியிலும் இருந்து ஒரே நேரத்தில் திறந்து வைத்துத் திருத்துவார்கள்.

வீட்டுப் பத்திரங்களையும் அதே இணையக் கணக்கில்தான் ஏற்றி வைத்திருந்தான். எண்பத்து மூன்று கலவரத்தில் காணி உறுதிப் பத்திரத்தோடு வீட்டையும் தீக்குப் பறிகொடுத்தவன் அவன். “எங்க ஓடினாலும் திறக்கலாம். இனி வந்து கொளுத்தட்டும் பாப்பம்” என்பான்.

அச்சகத்துக்குக் கடதாசி வாங்கக் கொழும்புக்குப் போனவன் திரும்பவில்லை. ஆட்களைக் கடத்துகிற வெள்ளை வான் வண்டி ஒன்றைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். அதற்குமேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மாதங்கள் கழிந்து, நேற்றுத்தான் பெயர் சொல்லாத ஒருவனின் தொலைபேசி அழைப்பு வந்தது. “உங்கட மனுசன் எங்களிட்டத்தான் இருக்கிறார். கலியாணப் பதிவோட வாங்கோ. மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆள் பிள்ளையைப் பாக்கக் கேக்கிறார்.”

நம்பலாமா, கூடாதா? இரவெல்லாம் புரண்டு பார்த்தும் முடிவு வரவில்லை. உயிரோடு இருந்தால்? அந்த ஒரு கேள்விதான் அவளைப் பிடித்து இழுத்தது. மகள் ஆர்த்திகாவை நேரே பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு ரயிலேற நினைத்திருந்தாள்.

ஷிராஸ் போட்டுக் கொடுத்த கணினியில் கணக்குத் திறந்தது. பதிவுப் பத்திரம் இருந்தது. அச்சுப்பொறி கரகரத்துக்கொண்டு அதைத் துப்பியது.

மூடப் போனவளின் கை நின்றது.

பட்டியலின் மேலே புதிதாக ஒரு பக்கம். ‘கல்வெட்டு’ என்று பெயர். அதன் பக்கத்தில் ஒரு சின்ன அறிவிப்பு.

இன்னொருவர் திறந்திருக்கிறார்.

அந்தக் கணக்கில் புதுப் பக்கம் போடக் கடவுச்சொல் வேண்டும்; அது தெரிந்தவர்கள் அவளும் கணவனும் மட்டும்தான். அவர் உயிரோடு இருக்கிறார்!

அவசரமாகத் திறந்தாள். வெறும் பக்கம். படத்துக்கு விட்ட கட்டம் காலியாக இருந்தது. அதன் கீழே கர்சர் கோடு மினுங்கியது. மெல்ல நகர்ந்தது. ஆங்கில எழுத்துகள் குப்பையாக விழுந்தன. மகேந்திரராசா பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டுகிறவன். எழுத்துருவை மாற்றும்வரை அவன் தமிழ் அப்படித்தான் தெரியும். பக்கத்திலிருந்து பிழை பார்த்துப் பழகிய அவள், அதை மாற்றாமலே வாசிப்பாள்.

அமரர் லீலாதேவி.

அடுத்த வரியில், அமரர் ஆர்த்திகா.

அதன் கீழே இன்றைய திகதி.

“ஷிராஸ்!”

ஓடிவந்தவனுக்கு அவள் வரி வரியாக வாசித்துக் காட்டினாள். அவன் முகம் கறுத்தது. “அக்கா, கொண்டுபோனவனுகள் பாஸ்வேர்டையும் வாங்கீக்கிறானுகள். ஒங்களப் பயங்காட்டுறானுகள். கொஞ்சம் இரிங்க, எந்த எடத்துல இருந்து தட்டுறான்னு பாப்பம்.”

கணக்கின் அடியில், எங்கிருந்து திறந்திருக்கிறது என்று காட்டும் எண்களை அழுத்தினான். பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

“என்ன ஷிராஸ்?”

“இது... நம்மட கட இன்டர்நெட் லைன்.”

“இஞ்சையோ? வேற ஆர் இருக்கினம்?”

“இப்பதானே கட தொறந்த. ஒங்கட மெசின் மட்டும்தான் ஓடுது.”

மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதன் நடுவே இன்னொரு சத்தம்.

டக். டக். டக்.

கடைசி அறையிலிருந்து.

ஷிராஸ் அவளுக்கு முன்னால் நடந்தான். உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. அறை வாசல் திரைச்சீலையை விலக்கினான். அங்கே பழுதாகிப் போன கணினியை முன்பே கழற்றி எடுத்துவிட்டு, வெறும் விசைப்பலகையை மட்டும் மேசையில் போட்டிருந்தான். அதன் வயர் எதிலும் செருகப்படாமல் தொங்கியது.

விசைகள் அமிழ்ந்து எழுந்தன.

ஒவ்வொன்றிலும் ஈர மண் அப்பியிருந்தது. தோண்டிய குழியின் வாடை அந்தச் சிறு அறையை நிறைத்தது.

லீலாதேவிக்குப் பயம் ஒரு கணம் விட்டுப்போனது. பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

“என்னப்பா, நீங்களோ?”

சத்தம் நின்றது.

“நாங்கள் போகக்கூடாதோ?”

அவள் ஓரடி கிட்டப் போனாள்.

“சரி. நான் போகேல்லை. பிள்ளையையும் கொண்டுபோகேல்லை.”

டக். டக்.

தன் கணினிக்கு ஓடினாள். திரையில் அவள் பெயர் ஒவ்வொரு எழுத்தாக அழிந்துகொண்டிருந்தது. பிறகு மகளின் பெயர். பிறகு திகதி. பக்கம் வெறுமையானது. கோடு நெடுநேரம் ஒரே இடத்தில் மினுங்கியது, சொல்லத் தயங்குகிறவனைப் போல.

அமரர் மகேந்திரராசா.

கீழே, அவன் கடதாசி வாங்கப் போன நாளின் திகதி.

“இன்னா லில்லாஹி...” அவள் வாசிக்கக் கேட்ட ஷிராஸ், மரணச் செய்திக்கு ஓதுவதை முணுமுணுத்தான்.

லீலாதேவி அழவில்லை. காலியாக இருந்த கட்டத்தில் கணவனின் படத்தைத் தானே போட்டாள்.

பின்னேர ரயில் அவளில்லாமல் போனது. அந்தத் தொலைபேசி அழைப்பு பிறகு வரவேயில்லை. அந்தியேட்டி முடித்து, கல்வெட்டை உறவினருக்கெல்லாம் கொடுத்தாள்.

அடுத்த வருடம் வைகாசி. வன்னியில் சண்டை முடிந்துவிட்டதென்று தெருவில் வெடி கொளுத்தினார்கள். கொண்டாட்டமாகப் பாற்சோறு கொடுத்தார்கள். மகளின் பள்ளிக்கூடத்தில் பிறப்புப் பத்திரம் கேட்டிருந்ததால், லீலாதேவி நெடுநாளைக்குப் பிறகு ஷிராஸின் கடையில் அந்தக் கணக்கைத் திறந்தாள்.

பத்திரத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கணக்கு முழுக்கக் கல்வெட்டுப் பக்கங்கள். ஒன்றைத் திறந்தாள். முன்பின் கேள்விப்படாத பெயர். அடுத்ததில் ஒரு கிழவர். அடுத்ததில் ஒரே வீட்டு ஆட்கள் வரிசையாக. எல்லாம் சண்டை நடந்த வன்னி ஊர்கள். படக் கட்டங்கள் எல்லாம் காலி. எல்லாம் பாமினி எழுத்து.

அவள் பார்த்துக்கொண்டிருக்கவே மேலே இன்னொரு பக்கம் முளைத்தது. அதற்கும் மேலே இன்னொன்று.

வெளியே வெடிச் சத்தம் ஓய்ந்தது. திரையில் பக்கங்கள் வந்துகொண்டேயிருந்தன.