மணி அடிக்காத சவாசனம்

"ஐயோ...! மாஸ்டர்...!"

அலறல் உவர்மலையின் அந்த மாடி மண்டபத்தையே குலுக்கியது.

எஸ்.ஐ. றஊப் திடுக்கிட்டுக் கண் விழித்தார்.

யோகாப் பாயில் சவாசனத்தில் கிடந்த மனிதர், நன்றாகவே தூங்கிப்போயிருந்தார். சுற்றிவர மற்றப் பாய்களிலும் ஆட்கள் கிடந்தார்கள். ஒருவரும் கண் திறக்கவில்லை!

திறக்க மாட்டார்கள். யோகி அருளம்பலம் மாஸ்டரின் வகுப்பில் அதுதான் சட்டம். கடைசியில் எல்லாரும் பிணம் போலக் கிடக்க வேண்டும். மாஸ்டர் மணி அடிக்கும்வரை கண் திறக்கக்கூடாது. கூரை இடிந்து விழுந்தாலும் கூடாது!

இன்றைக்கு மணி அடிக்கவே இல்லை. ஏனென்று ஒருவரும் யோசிக்கவுமில்லை. இடுப்பு மரத்துப்போகக் கிடந்தார்கள், பக்தியோடு.

"கண்ணைத் திறவுங்கோ எல்லாரும்!"

கத்தியவள் நிவேதிகா. மாஸ்டரின் உதவி ஆசிரியை. கீழ் அறையில் புதியவர்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டு மேலே வந்தவள்.

மாஸ்டர் தன் மேடையில் இல்லை. பின்பக்கம், எல்லாரும் பைகள் வைக்கும் மூலையில் குப்புறக் கிடந்தார்.

றஊப் ஓடிப்போய்ப் புரட்டினார்.

தாடி முழுக்கப் பச்சை...! உதட்டில் பச்சை நுரை!

"நஞ்சு!" என்று அலறினார் நிக்கலஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மாஸ்டரின் மூத்த சீடர். "ஆரோ மாஸ்டருக்கு நஞ்சு குடுத்திட்டாங்கள்!"

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி சீலா சிலுவை அடையாளம் போட்டாள்.

நாடி மெதுவாக அடித்தது. உயிர் இருக்கிறது!

அம்புலன்ஸ் மாஸ்டரை ஏற்றிப் போனதும் றஊப் கதவைப் பூட்டினார்.

"ஒருத்தரும் வெளிய போகேலாது!"

கைபேசி அடித்தது. தலைமை இன்ஸ்பெக்டர்!

"றஊப்! உவர்மலையில ஒரு கேஸாம். உடனே போ!"

"நான் இங்கதான் நிக்கிறன் சேர்."

"அதுக்குள்ளயா? கெட்டிக்காரன்! எப்பிடித் தெரியும்?"

றஊப்புக்கு வியர்த்தது. அரைக்காற்சட்டையோடு படுத்துக் குறட்டை விட்டதை எப்படிச் சொல்வது? பொலிஸ்காரன் பக்கத்துப் பாயில் தூங்க, மண்டபத்துக்குள்ளேயே கொலை முயற்சி! ஊர் சிரிக்கும். இடமாற்றம் நிச்சயம். கதை வெளியே வருமுன் ஆளைப் பிடித்தாக வேண்டும்!

"ஒரு... ஒரு உள்ளுணர்வு சேர்!"

அவர் நிவேதிகா பக்கம் திரும்பினார்.

"நேற்று மாஸ்டரோட சண்டை பிடிச்சனீங்கள்."

"ஓம். பிடிச்சனான்."

"எதுக்கு?"

"வாறவையளின்ட பிரஷர் மருந்தை, டொக்டர் குடுத்த குளிசையை, நிப்பாட்டச் சொல்றார் சேர். யோகா படிப்பிக்கிற ஆள் டொக்டர் இல்லை. எங்களை நம்பிக் கண்ணை மூடிக் கிடக்கிற சனத்தோட இப்பிடி விளையாடக்கூடாது எண்டு சொன்னனான்."

"என்ன விளையாட்டு?" என்றார் றஊப். "நானும் நிக்கலஸ் அண்ணனும் ஒரே நாள்லதான் குளிசையைக் கடல்ல எறிஞ்சனாங்கள். மூணு மாசமாகுது. ரெண்டு பேருக்கும் பிரஷர் இறங்கிட்டு!"

நிக்கலஸ் நெஞ்சை நிமிர்த்தினார்.

நிவேதிகா விடவில்லை. "யோகத்துக்கு எட்டுப் படி சேர். ஆசனம் மூண்டாவது. முதல் படி, பொய் சொல்லாமை, களவெடுக்காமை. மாஸ்டர் அதில கால் வைக்காமலே மூண்டாவதுக்குப் பாய்ஞ்சவர்!"

"அதுக்காக நஞ்சு குடுப்பீங்களா?"

"கொல்லாமையும் அந்த முதல் படியிலதான் இருக்கு சேர்!"

றஊப் தலையைச் சொறிந்தார். "சரி... மாஸ்டர் காலையில என்ன சாப்பிடுறவர்?"

"ஒண்டுமே இல்லை!" என்றார் நிக்கலஸ் பெருமையோடு. "காத்தும் துளசித் தண்ணியும்தான். ஞானி அல்லவா!"

மறுபடி கைபேசி. ஆஸ்பத்திரி டொக்டர்.

"ஆள் தப்பிட்டார். நஞ்சு ஒண்டும் இல்லை."

"அப்ப அந்தப் பச்சை நுரை...?"

"வல்லாரைக் கஞ்சி! வயிறு நிறையக் குடிச்சிருக்கிறார். அதோட பிரஷர் குளிசை அளவுக்கு மிஞ்சிட்டுது. தினமும் போடுறவராம், மடியில குளிசைக் கார்ட்டும் இருந்தது. ஆனா தான் ஒண்டுதான் போட்டதெண்டு சத்தியம் பண்றார். மிச்சம் கஞ்சியோடதான் போயிருக்க வேணும்."

றஊப் திறந்த வாயை மூடவில்லை. ஊருக்கெல்லாம் குளிசையை எறியச் சொன்னவரின் மடியில் குளிசை! காற்றைக் குடித்து வாழ்பவரின் வயிற்றில் கஞ்சி!

நேரே பைகள் கிடந்த மூலைக்குப் போனார். மூடி திறந்தபடி ஒரு ஃபிளாஸ்க் உருண்டு கிடந்தது.

"இது ஆருட?"

"என்டது!" நிக்கலஸ் பதறினார். "ஐயையோ... ஒரு சொட்டும் இல்லையே! கொஞ்ச நாளாவே கஞ்சி குறைஞ்சுகொண்டு வருது. சீலாதான் கஞ்சத்தனமா ஊத்துறா எண்டு ஏசினனான்."

"நாங்க கண்ணை மூடிக் கிடக்க, உங்கட ஞானி ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்கா ஆசனம் செய்திருக்கிறார்!"

"அப்ப என்ட டிபன்ல கொழுக்கட்டை குறையிறது...?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அதுவும் அவர்தான்! சரி... கஞ்சிக்குள்ள குளிசை வந்தது எப்பிடி?"



சீலா ஓவென்று அழுதாள்.

"நான்தான் சேர் போட்டனான்! இந்த மனுசன் குளிசையை எறிஞ்சிட்டு வந்து நிண்டார். எனக்கு ஈரக்குலை நடுங்கிச்சு. அதுதான் ஒவ்வொரு நாளும் அரைச்சுக் கஞ்சியில கலந்தனான். நேற்று மறந்துபோச்சு... இண்டைக்கு ரெண்டு நாளுக்கும் சேர்த்துப் போட்டிட்டன்!"

நிக்கலஸின் நெஞ்சு தொய்ந்தது. "அப்ப... என்ட பிரஷர் இறங்கினது...?"

"என்ட கஞ்சியால!"

அவர் கண் கலங்கிவிட்டது. அத்தனை பேர் முன்னால் மனைவியின் கையைப் பிடித்தார். "உன்னைப் போய்க் கஞ்சத்தனம் எண்டு சொன்னனே சீலா..."

"யோகாவில பிழை இல்லை ஐயா," என்றாள் நிவேதிகா. "செய்யுங்கோ. குளிசையையும் போடுங்கோ. நாளையில இருந்து வகுப்பு நான் எடுக்கிறன்."

றஊப் தொண்டையைச் செருமினார். "எண்டாலும் இது கேஸ்தான். எழுதத்தான் வேணும்."

"எழுதுங்கோ சேர்," என்றாள் நிவேதிகா சிரிக்காமல். "சம்பவ நேரம் நீங்க எங்க, எப்பிடிக் கிடந்தனீங்கள் எண்டும் எழுதுவீங்கள்தானே?"

றஊப் கேஸை அந்தக் கணமே மறந்தார். பயம் போனதும் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

"நிக்கலஸ் அண்ணன்! பொஞ்சாதி மருந்து கலக்கிறது மூணு மாசமாத் தெரியாத ஆம்பிளையும் உலகத்தில இருக்கிறானா...? சீலா அக்கா, நல்ல மூளை உங்களுக்கு!"

சீலா கண்ணைத் துடைத்தாள். "மூளை என்டதில்லை சேர். சொல்லித் தந்தது உங்கட மைமூனா."

"என்ட பொஞ்சாதியா? அவவுக்கு எப்பிடி இந்தக் கள்ள வேலை...?"

"நீங்க குளிசையை எறிஞ்ச நாளில இருந்து, உங்கட இஞ்சித் தேத்தண்ணியில அவ போடுறாவே!"

றஊப்பின் சிரிப்பு பாதியில் நின்றது. அவருடைய யோக சித்தியெல்லாம் ஒரு கோப்பை தேத்தண்ணியில் கரைந்து போனது!

கைபேசி மூன்றாவது தடவை அடித்தது.

"றஊப்! கஞ்சிக்குள்ள குளிசையாமே! டொக்டர் சொன்னார். இது சாதாரண மூளை இல்லை. திட்டம் போட்டது ஆர்? கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சிட்டன் சேர்... ஆனா பிடிக்க எனக்கு ஏலாது."

"ஏன்? அவ்வளவு பெரிய புள்ளியா?"

"இரவைக்கு நான் அங்கதான் சோறு தின்ன வேணும் சேர்!"