இரத்தம் படாத நாடா

ரொட்டிக்கடை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்த தல்லுஸின் முழங்கை வரை மாவு ஒட்டியிருந்தது.

"என் தங்கச்சி நாப்பே, அடிமையா தலை சிங்காரிச்சுவிடற அந்த வீட்டு எஜமானி கல்வினாம்மாவைக் கொண்டை ஊசியால குத்திக் கொன்னுட்டாளாம், ஐயா. நாளைக்குச் சிலுவையில ஏத்தப் போறாங்க. எனக்குக் கிடைச்ச விடுதலை அவளுக்கும் கிடைக்கும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

ரோம் நகரத் தீயணைப்புக் காவலில் பாதி ஆயுளைக் கழித்து, இப்போது துப்புத் துலக்கித் தரும் சபீடியுஸ் எழுந்து மேலாடையைப் போர்த்திக்கொண்டார். வாய் நிறைய அத்திப்பழத்தோடு உதவியாளன் லுர்கோ பின்னால் வந்தான்.

கல்வினாவின் வீட்டு வாசலில் பிணத்தைக் குளிப்பாட்டும் பெண்கள் வெந்நீரோடு காத்திருந்தார்கள். முன்கூடத்தில் பிணம். அருகே கணவர் அவுஃபீடியுஸ்.

"சிங்காரிச்சு, நாடா கட்டி முடிச்ச நேரம். ஏதோ திட்டியிருக்கா, அந்தக் கழுதை குத்திடுச்சு," என்றார். "நகர அதிகாரியோட ஆள் பார்த்துட்டுப் போற வரைக்கும் நான் யாரையும் தொட விடலை. இப்பதான் அவன் போனான்."

சபீடியுஸ் குனிந்து பார்த்தார். காயம் பிடரியில். கொண்டையைச் சுற்றி, மணமான குடும்பப் பெண்கள் மானத்தின் அடையாளமாக அணியும் கம்பளி நாடா.

"நாடா வெள்ளை வெளேர்னு இருக்கே அண்ணே," லுர்கோ முணுமுணுத்தான்.

"அதான்டா இடிக்குது." சபீடியுஸ் கணவர் பக்கம் திரும்பினார். "கொண்டை முழுக்க நூலால தைச்சிருக்கு, ஐயா. அது நாப்பே கைவேலை. நாடா மட்டும் செருப்பு வார் மாதிரி முடிச்சுப் போட்டுக் கிடக்கு. அடியில முடியெல்லாம் ரத்தம் காஞ்சிருக்கு. மேலே நாடாவில ஒரு துளி இல்லை. செத்த பிறகு கட்டினது."

"அவதான் கட்டியிருப்பா."

"அவளா இருந்தா தைச்சிருப்பா. கொலை பண்ணின அடிமை ஓடத்தான் பார்ப்பா, எஜமானியோட மானத்தைக் காப்பாத்த நிக்க மாட்டா. நாடா இல்லாம பொண்டாட்டி கிடந்தா ஊர் சிரிக்கும்னு பயந்தது யாரு? அம்மா அதைக் கழட்டிட்டு, இனி நான் உன் பொண்டாட்டி இல்லைன்னு சொல்லியிருக்காங்க, நீங்க குத்திட்டீங்க."

அவுஃபீடியுஸ் கோபப்படவில்லை.

"என் மூஞ்சியிலதான் எறிஞ்சா," என்றார். "அப்படியே விட்டிருந்தா நீ கண்டுபிடிச்சிருக்க மாட்டே, இல்லே?"

"மாட்டேன்."

"விட முடியலைய்யா. ஊரே வந்து பார்க்கும்." நாடாவை ஒரு விரலால் நேராக்கினார். "சரி, யார்கிட்ட போய்ச் சொல்லுவே? பக்கத்தில இருந்து பார்த்தவ நாப்பே ஒருத்திதான். எஜமானுக்கு எதிரா அடிமை சொல்றதை எந்தச் சபை கேக்கும்?"

அவர் கைதட்டினார். வெந்நீர்ப் பெண்கள் உள்ளே வந்து நாடாவை அவிழ்த்து, தையலைப் பிரித்து, முடியை அலசத் தொடங்கினார்கள். தடுக்கப் பாய்ந்த லுர்கோவின் கையைச் சபீடியுஸ் பிடித்துக்கொண்டார். தரையில் தண்ணீர் சிவப்பாக ஓடி, பிறகு வெளிறியது.

தெருவில் தல்லுஸ் எதிரே ஓடிவந்தான். "அவ செய்யலைதானே, ஐயா?"

"செய்யலை."

"நிச்சயமாத் தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு."

"அப்ப விட்டுடுவாங்க."

லுர்கோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"ரொட்டி ஏதாவது சூடா எடுத்துட்டு இப்பவே நாப்பேகிட்ட போ தல்லுஸ்," என்றார் சபீடியுஸ். "சிறைக் காவலாளி எனக்குத் தெரிஞ்சவன். என் பேரைச் சொன்னா கொஞ்ச நேரம் அதிகமா உக்கார விடுவான்."