அந்த இருபது நிமிடத்தை அழித்துவிடு!

"அந்த இருபது நிமிஷத்தை இப்பவே அழிச்சுடு!"

போனில் ஓர் ஆண்குரல் கரகரத்தது.

அரிமளத்தில் தன் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சொர்ணவல்லி நிமிர்ந்தாள்.

"யாருங்க பேசுறது?"

"யாரா இருந்தா என்ன? எந்தப் படம் எம்புட்டு நேரம் ஓடுதுன்னு நெட்டுல எழுதி வைக்கிறவ நீதானே? கீழயே ஒன் பேரும் ஊரும் கெடக்கு!"

அவளேதான். சினிமாவோ, சீரியல் எபிசோடோ... ஓடும் நேரத்தை ஒரு சினிமா இணையதளத்தில் பதிவது அவளுடைய பைத்தியம். சம்பளம் கிடையாது. பாராட்டும் கிடையாது. ஆனால் ஒரு நிமிடம் தப்பாக இருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது!

நேற்றுத்தான் ஒரு புதுப்படத்துக்கு ஒரு வரி சேர்த்திருந்தாள். படம் இழுக்கிறது என்று ரசிகர்கள் புலம்பியதால், திங்கட்கிழமையிலிருந்து இருபது நிமிடம் வெட்டப்பட்டது என்று.

அதே திங்கள் இரவுதான் கட்டுமாவடி மீன் வியாபாரி உடையப்பன் கொலையானார். கைதானவன் அவருடைய டிரைவர் அருள்மணி... சொர்ணவல்லியின் தம்பி!

"அழிக்கலைன்னா ஒன் தம்பி உசுரோட வெளிய வரமாட்டான்..."

 அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

"மெரட்டுனதும் அழிக்க அது என்ன சிலேட்டுல எழுதுனதா? தைரியம் இருந்தா கடைக்கு வந்து காரணத்தைச் சொல்லுங்க. அப்பறம் பாப்போம்!"

டொக்!

மதியம், தெரு வெறிச்சோடிக் கிடந்தபோது ஒரு கார் வந்து நின்றது.

இறங்கியவர் ராம்நாத். உடையப்பனின் தொழில் கூட்டாளி! கொலை நடந்த நேரத்தில் அறந்தாங்கி தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்ததாகப் போலீசில் சொல்லித் தப்பியவர்.

ஷட்டரைப் பாதி இறக்கினார். கையில் கத்தி!

"அழி."

"எதுக்குண்ணே இம்புட்டு அவசரம்?"

"ஒன்பதரைக்குப் படம் விட்டதும் வெளிய வந்தேன்னு எழுதிக் குடுத்துருக்கேன். நீ இருபது நிமிஷம் கொறச்சுட்ட. போலீஸ் பாத்தா என் கதி என்னாகும்?"

"அப்ப நீங்க படமே பாக்கலையா?"

"டிக்கெட் மட்டுந்தான் எடுத்தேன். போதுமா? அழிடி!"

சொர்ணவல்லி கீபோர்டைத் தள்ளி வைத்தாள்.  குரல் நடுங்கவில்லை.

"மாட்டேன்! ஊரெல்லாம் வெட்டுன படந்தாண்ணே ஓடுச்சு. ஆனா அறந்தாங்கிக்கு அன்னைக்கி அந்த வெட்டுன காப்பி வந்து சேரல. பழசையே முழுசா ஓட்டுனாங்க. நேரம் பாக்கன்னே நான் அங்கிட்டுப் போயிருந்தேன். ஒன்பதரைக்குத்தான் விட்டாங்க!"

கத்தி தாழ்ந்தது.

"அப்ப... நான் சொன்னது..."

"சரியாத்தான் இருந்துச்சு. உள்ள ஒக்காந்து பாத்தவன் எவனும் என் வரியைப் பாத்துப் பயப்படமாட்டான். பேசாம வீட்ல இருந்திருந்தா ஒங்கள எவனும் தொட்டிருக்க முடியாது!"

பின்னறைக் கதவு திறந்தது. துப்பாக்கியோடு இன்ஸ்பெக்டர் ராஜலட்சுமி! காலையில் அந்தப் போன் வந்ததுமே சொர்ணவல்லி ஸ்டேஷனுக்குச் சொல்லியிருந்தாள்.

"கத்தியைக் கீழ போடுங்க ராம்நாத். பேசுனதெல்லாம் ரெக்கார்டு ஆயிருச்சு."

ராம்நாத் கையில் விலங்கு விழுந்தது.

"மேடம், என் தம்பி...?"

"கோர்ட்டுல நானே சொல்றேம்மா. சீக்கிரம் வந்துருவான்."

சொர்ணவல்லிக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு ராம்நாத்தைப் பார்த்தாள்.

"படத்தைப் பாக்காமலே விமர்சனம் எழுதுறவங்களப் பாத்துருக்கேண்ணே... பாக்காமலே ஜெயிலுக்குப் போற மொத ஆளு நீங்கதான்!"