தண்ணிக்காரியின் கதவு

மூன்று நாள் விடாமல் அடித்த வடமேற்குக் காற்று ஓய்ந்த காலை அது. நவம்பர் மாதம். ஜெய்னா குடாவில் எங்கள் வேனைத் தவிர வேறு வண்டி இல்லை. கரையில் ஒதுங்கிய கடற்புல் அழுகி நாறியது. ரிட்டியன் சீஸ் அடைத்த பாஸ்திட்சியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, விரலில் இருந்த எண்ணெயை என் சட்டையில் துடைத்தாள்.

"எருமை," என்றேன்.

"இந்தச் சட்டைக்கு இவ்வளவு மரியாதை போதும்டா."

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். பதினாறு வருடமாக ஒரே கடையை நடத்துகிறோம். ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போவது அவள். சிலிண்டரில் காற்று நிரப்புவதும், வேன் ஓட்டுவதும், அவள் பின்னால் இறங்குவதும் நான். என் பெயர் சால்வு. எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம் என்று ஊரே சொல்லும். அதை நான் மறுத்ததில்லை.

அன்று எங்களோடு இறங்க வந்தவர் நஸ்ரேனு. தலைநகர் வலெட்டாவின் துறைமுகத்தில் இழுவைப் படகு எஞ்சின்களோடு முப்பத்தைந்து வருடம் மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குத் தண்ணிக்காரியின் எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

"அது மூடிக்கிடக்கற அறைக்குள்ள இருக்குண்ணே," என்றாள் ரிட்டியன். "வெளியில இருந்து கதவைப் பாத்துட்டு வரலாம். அவ்வளவுதான்."

"கதவையாவது பாக்கறேம்மா," என்றார் அவர்.

தண்ணிக்காரி என்று நாங்கள் கூப்பிடுவது, இந்தக் குடாவில் இருபத்திரண்டு மீட்டர் ஆழத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஓர் இரும்புப் படகை. கப்பல்களுக்குக் குடிநீர் சுமந்த படகு. நாற்பத்திரண்டில், போரின்போது, குண்டு விழுந்து மூழ்கியது. அதன் எஞ்சின் அறைக் கதவு நெளிந்து சட்டத்தில் இறுகிப்போனது. அடியில் மட்டும் ஒரு கை நுழையும் அளவுக்கு இடுக்கு.

இறங்கினோம். புயல் கலக்கிய தண்ணீர் பச்சைக் கஞ்சி மாதிரி இருந்தது. கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டே படகின் மேல்தளம்வரை போனோம். என் மூச்சு உள்ளே போகும் சத்தமும், குமிழிகள் காதோரம் உரசிக்கொண்டு மேலே ஏறும் சத்தமும் மட்டும்தான்.

பிறகு இன்னொரு சத்தம்.

டங். டங். டங். டங்.

நான்கு தட்டு. சற்று இடைவெளி. மறுபடி நான்கு.

கடலுக்கடியில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. மண்டைக்குள்ளேயே தட்டுவது போலிருக்கும். ரிட்டியன் தன் சிலிண்டரைத் தட்டுகிறாளா என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரின் கையும் சும்மா இருந்தது.

நஸ்ரேனுவைக் காணவில்லை.

மேல்தளத்துத் திறப்பு வழியாகக் கீழே வெளிச்சம் அசைந்தது. எஞ்சினோடு வாழ்ந்த மனிதர். இரும்புக்குள்ளிருந்து யாராவது தட்டினால் போகாமல் இருப்பாரா? ரிட்டியன் தலைகீழாக உள்ளே பாய்ந்தாள். நான் திறப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு டார்ச்சை இறக்கிக் காட்டினேன். புயல் கலக்காத உள்தண்ணீர் தெளிவாக இருந்தது.

கதவுக்கு முன்னால் அவர் குப்புறக் கிடந்தார். வலது கை முழங்கைவரை அந்த இடுக்குக்குள் இருந்தது. கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. வாய்க்குழாயிலிருந்து குமிழி கொட்டியது. அவருடைய காற்றுமானியின் முள் என் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் உடையின் கை எங்கோ மாட்டிக்கொண்டது என்று ரிட்டியன் நினைத்திருக்கிறாள். விடுவிக்கத் தன் கையையும் இடுக்குக்குள் விட்டாள்.

அப்படியே உறைந்தாள்.

பிறகு நான் பார்த்ததை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவள் தன் வாய்க்குழாயைப் பிடுங்கி எறிந்தாள். கதவில் முகத்தை வைத்து, அத்தனை ஆழத்தில், தண்ணீருக்குள் கத்தினாள். வார்த்தை புரியவில்லை. ஆனால் அது பயந்தவள் போடும் கத்தல் இல்லை. எங்கள் கடை முன்னால் வண்டியை நிறுத்துகிறவர்களிடம் அவள் கத்துவாளே, அதே கத்தல்.

பிறகு இடுப்புக் கத்தியை உருவிக் கதவை நான்கு முறை தட்டினாள்.

உள்ளே அமைதி.

நஸ்ரேனுவின் கை வெளியே வந்தது.

கரையில் அவரைக் கிடத்திக் கையுறையைக் கழற்றினோம். மணிக்கட்டில் விரல் தடங்கள். ஒரு கையின் தடம் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல. அவர் பல் கிட்டித்துக்கொண்டே சொன்னார்:

"என்னைக் கொல்ல இழுக்கலைம்மா. முங்கறவன் பிடிக்கற பிடி அது."

"தெரியும்ணே," என்றாள் ரிட்டியன். "நானும் பிடிச்சுப் பாத்தேன்."

"என்ன கத்தினே அங்கே?" என்றேன் நான்.

"இவரை விடுங்க, நான் திரும்பி வர்றேன்னு சொன்னேன்."

நான் சாமான்களை வேனில் ஏற்றத் தொடங்கினேன்.

மறுநாள் காலை விஸ்டினின் மதுக்கடையில் இந்தப் பேச்சுத்தான். விஸ்டினுக்கு எண்பத்தெட்டு வயது. கண்ணாடித் தம்ளரில் எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ரிட்டியன் கதவைத் திறக்கப்போகிறேன் என்று சொன்னதும் கெண்டியைக் கீழே வைத்தார்.

"வேணாம் பிள்ளே."

"உள்ளே யாரு, விஸ்டின்?"

கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"நாலு பேர்," என்றார் அவர் கடைசியில். "மூணு நாள் தட்டினாங்க. மீன்பிடிப் படகோட அடிப்பலகையில காது வெச்சா கேட்டுதாம். மேலே விமானம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. யாரு இறங்குவா? எனக்கு ஆறு வயசு. எங்கப்பா என் காதுல மெழுகு அடைச்சுவிட்டார்."

"நாலாவது நாள்?"

"நின்னு போச்சு. அதைப் பத்திப் பேசக் கூடாதுன்னு பெரியவங்க முடிவு பண்ணினாங்க."

"எம்பது வருஷமா ஒரு ஊரே காதை அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு," என்றாள் ரிட்டியன். குரல் உயரவில்லை. "எனக்கு அது முடியாது."

சீட்டாட்ட மேசையிலிருந்து ஒருவன் சிரித்தான். "பிசாசுக்குக் கதவு திறந்துவிடப் போறாளாம்! வெளியில வந்தா உன் வீட்டுல வெச்சுச் சோறு போடுவியா?"

"போடுவேன். உங்கம்மா உனக்குப் போடலையா?"

அவன் திரும்பிச் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தான்.

விஸ்டின் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "கோபத்துல இருப்பாங்க, பிள்ளே."

"இருக்கட்டும். எனக்கும் கோபம்தான்."

நஸ்ரேனு கட்டுப்போட்ட கையோடு எங்கள் கடைக்கு வந்தார். மருத்துவர் அவரைக் கடலில் இறங்கக் கூடாது என்றிருந்தார். ஒரு பெரிய கடப்பாரையும், தூக்குஜாக்கியும் கொண்டுவந்திருந்தார். தாளில் கதவைப் படம் போட்டு, பிணைச்சல் எங்கே இருக்கும், எதை முதலில் நெம்ப வேண்டும் என்று காட்டினார். போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"நீயும் போறியா?"

"இல்லண்ணே," என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நானும்தான் இறங்கினேன். ரிட்டியன் என்னைக் கூப்பிடவேயில்லை. ஒரே ஒரு சிலிண்டரை மட்டும் வேனில் ஏற்றினாள். அதுதான் என்னைச் சுட்டது.

தண்ணீர் தெளிந்திருந்தது. படகு முழுசாகத் தெரிந்தது. அதன்மேல் எப்போதும் மொய்க்கும் வெள்ளி மீன்களில் ஒன்றைக்கூடக் காணோம்.

தட்டும் சத்தமும் இல்லை.

கதவின்முன் மண்டியிட்டோம். ஜாக்கியை இடுக்கில் செருகினாள். நான் கடப்பாரையைப் பிணைச்சலில் கொடுத்துத் தொங்கினேன். துரு செந்தூளாகக் கிளம்பி முகத்தை மூடியது. ஒவ்வொரு நெம்பலுக்கும் இரும்பு முனகியது.

முனகல் எங்கள் பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை.

உள்ளேயிருந்து யாரோ தள்ளினார்கள்.

நான் கடப்பாரையை விட்டுவிட்டேன். ரிட்டியன் என் உடையின் கழுத்தைப் பிடித்து இழுத்து, என் கையைத் திரும்பவும் அதன்மேல் வைத்து அழுத்தினாள். மாஸ்க்குக்குள் அவள் கண்கள் பெரிதாக இருந்தன. அவளுக்கும் பயம்தான். அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது. பயந்துகொண்டேதான் அவள் எல்லாவற்றையும் செய்திருக்கிறாள்.

மூன்றாவது நெம்பலில் கதவு விழுந்தது.

டார்ச்சை உள்ளே அடித்தேன். எஞ்சின் இருந்தது. குழாய்கள் இருந்தன. தரையில் மாவு போலச் சேறு.

எலும்பு இல்லை. ஒரு துண்டுகூட இல்லை.

அப்போது என் வெளிச்சக் கற்றை துண்டுபட்டது. நடுவில் ஏதோ கடந்தது போல ஒரு கணம் இருண்டு, திரும்ப வந்தது. இடது தோளில் ஐஸ் வைத்த மாதிரி குளிர் உரசிப் போனது. மறுபடி இருட்டு. மறுபடி குளிர். சேற்றில் ஒரு துகள்கூடக் கலங்கவில்லை.

எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

கரைக்கு வந்து, பாறையில் வெட்டிய படிகளில் ஏறத் தொடங்கினோம். வெயில் சுள்ளென்று அடித்தது. நான் மேலே போய்ச் சிலிண்டரைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன். ரிட்டியன் ஏறி வரவில்லை. கடைசிப் படியில் ஒரு காலை ஊன்றி, கடலைப் பார்த்துக் குனிந்து கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னடி பண்றே?"

"பேசாம இரு."

அவள் தோள் சட்டென்று கீழே இழுபட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கனமான ஆளைத் தூக்குவதுபோல இழுத்தாள். அவள் கையில் ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்குப் பக்கத்தில், காய்ந்த பாறைமேல், சொட்டச் சொட்ட ஒரு வெறுங்கால் தடம் விழுந்தது. அடுத்த படியில் இன்னொன்று.

என்னைக் கடந்து போனது. டீசல் வாடை அடித்தது.

"ஒண்ணு," என்றாள் ரிட்டியன்.

திரும்பவும் குனிந்தாள். இரண்டு. மூன்று. நான்காவது ஆளை இழுக்கும்போது அவள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். என் கால்கள் தாமாகவே இறங்கிப்போய் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டன. அந்தப் பாரம் என் முதுகெலும்புவரை ஏறியது.

"நாலு. அவ்வளவுதான். முடிஞ்சுது," என்று மூச்சு வாங்கினாள். நிமிரப்போனாள்.

நிமிர முடியவில்லை.

அவள் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவள் நீட்டவில்லை. எதுவோ பிடித்திருந்தது.

"சால்வு," என்று கிசுகிசுத்தாள். "நாலு பேர்தானே சொன்னாரு?"

"விட்டுடு. ரிட்டியன், கையை உதறு. விட்டுடு!"

அவள் தண்ணீரையே பார்த்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே அவள் எதைப் பார்த்தாள் என்று இன்றுவரை சொன்னதில்லை. முகம் வெளுத்தது. பிறகு தாடை இறுகியது.

"எம்பது வருஷம் கழிச்சு, ஆளைப் பாத்துக் கை கொடுக்கணுமா நான்?" என்றாள். தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். "யாரா இருந்தா எனக்கென்ன. ஏறு."

இழுத்தாள்.

நாங்கள் வேனில் சாமான்களை ஏற்றி முடிப்பதற்குள் நான்கு பேரின் தடங்களும் வெயிலில் காய்ந்துவிட்டன. அன்றிலிருந்து குடாவில் தட்டும் சத்தமும் கேட்பதில்லை. வெள்ளி மீன்கள் திரும்பி வந்துவிட்டன.

ஐந்தாவது ஆளின் தடம் மட்டும் காயவில்லை. ஒற்றைக் கால். விரல்கள் ஊரைப் பார்த்து இருந்தன. டிசம்பரில் அது மேல்படியில் இருந்தது. பெப்ரவரியில் வேன் நிறுத்தும் இடத்தில். ஊரில் சிலர் இரவோடிரவாக அதன்மேல் உப்பும் சிமெண்டும் கொட்டினார்கள். சிமெண்ட் இறுகவேயில்லை.

இன்று காலை அது விஸ்டினின் கடை வாசலில் இருந்தது. ரிட்டியன் அதைத் தாண்டி உள்ளே போய், இரண்டு தேநீர் வாங்கி வந்து, ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

யாரும் தொடாத அந்தத் தம்ளர் காலியாக ஐந்து நிமிடம் ஆனது.