வலது கை சொன்ன பதில்கள்

குறிப்பேட்டில் அன்றைய பதில்களை எழுதி முடித்த பிறகுதான் நர்ஸுக்கு உறைத்தது, மூன்று நாளாகக் கட்டிலின் தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று.

நாற்காலி இருந்த இடத்திலேயேதான் இருந்தது, ஜன்னலோரம். சாரல் முகத்தில் அடிக்கிறது என்று மருமகள் பெரியவரின் கட்டிலைத்தான் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டிருந்தாள். பக்கவாதம் வந்த இந்த ஏழு மாதமாக அவருக்குப் பேச்சில்லை, வலது பக்கம் அசைவில்லை. இடது கையைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். ஒருமுறை அழுத்தினால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. பதிலுக்குப் பத்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். நர்ஸ்தான் அதைப் பழக்கினாள். ஆனால் ஒரு நாளைக்கு ஏழு வீடு. எண்ணுவதை விட்டுப் பல வாரமாயிற்று. ஒரு கையால் அவர் கையைப் பிடித்தபடி மறு கையால் எழுதிக்கொண்டே கேட்பாள், முகத்தைப் பார்ப்பதில்லை.

முதுகுப் புண் வலிக்குதா? இல்லை. டாக்டரை வரச் சொல்லவா? வேண்டாம். மூன்று நாளும் அதே பதில். வலி இருந்தால் மட்டும் கொடுக்க வேண்டிய சொட்டு மருந்தை அதனால்தான் நிறுத்தியிருந்தாள்.

இப்போது அவள் உள்ளங்கைக்குள் இருந்தது வலது கை. வெதுவெதுப்பாக.

பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை. நரம்பு ஏதாவது திரும்ப வேலை செய்கிறதோ, நான்தான் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று வழக்கம்போல் தன்னையே சந்தேகப்பட்டாள். கையை மெல்லப் போர்வைமேல் வைத்தாள். மழையின் ஈர வாடையும் டெட்டால் வாடையும் சேர்ந்து அறைக்குள் கனமாக நின்றன.

மருமகள் கதவருகில் வந்து நின்றாள். "என்ன சிஸ்டர், இன்னைக்கும் வலி இல்லைன்னுட்டாரா? எங்ககிட்டதான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. உங்ககிட்ட மட்டும் கதை பேசுவாரு."

"வேற ஏதாவது தொந்தரவு பண்ணாராம்மா?"

"சும்மா கட்டில் கம்பியத் தட்டிக்கிட்டே இருந்தாரு. ரெண்டு ரெண்டா. குழந்தை முழிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் அந்தக் கையில துணியச் சுத்திக் கட்டி விட்டேன். தப்பா சிஸ்டர்?"

பதிலுக்கு நிற்காமல், அடுப்பில் பால் இருக்கிறது என்று மருமகள் போய்விட்டாள்.

நர்ஸ் கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போனாள். இடது கை கம்பியோடு கட்டப்பட்டு, பந்துபோல் துணிக்குள் கிடந்தது. முடிச்சை அவிழ்த்தாள். விரல்கள் வீங்கியிருந்தன. பல வாரத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணோரத்திலிருந்து காதுவரை கண்ணீர் காய்ந்த கோடு.

"ஐயா, வலிக்குதா?"

எண்ணினாள். ஏழில் அழுத்தினார். ஒருமுறை. நகம் பதிந்தது.

"மூணு நாளாவா?"

ஒருமுறை.

அடுத்ததைக் கேட்காமல் இருந்திருக்கலாம். "அந்த வலது கையில பதில் சொன்னது நீங்களா?"

ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு முறை அழுத்தினார்.

அவர் கண் மட்டும் நகர்ந்தது, தன் வலது கையை நோக்கி. பக்கத்தில் படுத்திருக்கும் வேறு யாரையோ பார்ப்பதுபோல்.

மருந்து கொடுக்க வேண்டும். அது மட்டும் தெளிவாக இருந்தது. மூன்று நாளாகக் கொடுக்காத மருந்து. புட்டி ஜன்னல் விளிம்பில், அந்தப் பக்கம். சுற்றிப் போக வேண்டாம் என்று நினைத்தாள். கட்டிலின் குறுக்கே சாய்ந்து கையை நீட்டினாள்.

வலது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

இறுக்கமாக இல்லை. அவள் தினமும் பிடிப்பதுபோலவே. இழுத்தாள். வரவில்லை. அவள் மார்புக்குக் கீழே பெரியவரின் மூச்சு வேகமாக ஏறி இறங்கியது. மறுபக்கம் இடது கை கம்பியைத் தட்டத் தொடங்கியது. ரெண்டு. ரெண்டு. ரெண்டு.

மருமகளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வந்தது, ஒவ்வொரு வீட்டிலும் கடைசியாகக் கேட்கும் கேள்வி.

"நான் கிளம்பட்டுமா?"

தட்டுவது நின்றது.

வலது கை அழுத்தியது. இரண்டு முறை.

பிறகு பத்து எண்ணும் நேரம் காத்திருந்து, மறுபடியும் இரண்டு முறை.