தோற்ற ஆண்டின் பயிற்சியாளர்

மாநிலக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கியபடியே இசக்கியம்மாள் கண் விழித்தாள். இரண்டு கைகளும் அந்தரத்தில் இருந்தன. கோப்பை இல்லை. ஒத்திகையகத்தின் வெள்ளைக் கூரையும், "மெதுவா எந்திரிங்க" என்று சொல்லிக்கொண்டே அவளுடைய நெற்றிப்பட்டையைக் கழற்றும் ஊழியரின் முகமும்தான் தெரிந்தன.

அடுத்த கட்டிலில் கோல்கீப்பர் ஜெனோவா எழுந்து உட்கார்ந்து, கழுத்தைத் தடவிப் பதக்கத்தைத் தேடினாள்.

"ஏட்டி இசக்கி, ஜெயிச்சிட்டோம்லா?"

"ஜெயிச்சிட்டோம்டி. நாலுக்கு ஒண்ணு."

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கரிசல் மாவட்டப் பெண்கள் ஹாக்கி அணி முழுவதும் அரை மணி நேர உறக்கத்தில் ஓர் ஆண்டை வாழ்ந்து முடித்திருந்தது. அந்த ஆண்டு இன்னும் பிறக்கவே இல்லை.

ஒத்திகைப் பொறி ஊருக்கு ஊர் வந்துவிட்ட காலம் அது. வீடு வாங்க நினைப்பவர்கள் அந்த வீட்டில் ஓர் ஆண்டு ஒத்திகையில் குடியிருந்து பார்த்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையோடு ஓர் ஆண்டு குடும்பம் நடத்திப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று பெண்கள் சொல்லி அனுப்பினார்கள். ஒருவருடைய குரல், நடை, பழைய உரையாடல்கள், உடற்பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் கொடுத்தால், பொறி அவருடைய நிழலுருவைச் செய்துவிடும். பிறகு நடக்கக்கூடிய ஓர் ஆண்டை நெய்து உறங்குபவரின் மூளைக்குள் அனுப்பும். விழித்த பின்பு அது உண்மையில் வாழ்ந்த ஆண்டைப் போலவே நினைவில் தங்கும். ஒரே ஒரு கட்டுப்பாடு. நிழலுருவுக்கு உரியவரிடம், ஒத்திகையில் அவர் என்ன செய்தார் என்று சொல்லக்கூடாது. அதைக் கேட்டவர்கள் தங்கள் நிழலுருவைப் போலவே நடிக்க முயன்று நொந்துபோனார்கள் என்பதால் வந்த சட்டம் அது.

பழைய பயிற்சியாளர் மகளோடு வெளிநாட்டில் தங்கிவிட்டதால் அணிக்குப் புதியவர் தேவைப்பட்டார். ஆட்டக்காரிகளே ஒத்திகை பார்த்து வாக்களிக்கட்டும் என்று மாவட்டக் குழு முடிவு செய்தது. முதல் ஒத்திகை அருள்ராஜோடு. அவர் இரண்டு மாவட்டங்களுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்தவர். அவரோடு வாழ்ந்த ஆண்டில் எல்லாம் கச்சிதமாக நடந்தது. அவர் சொன்னதைச் செய்தார்கள், வென்றார்கள்.

மறுநாள் காலை இரண்டாவது ஒத்திகை. தவமணி என்ற பெயரை அணியில் யாரும் பெரிதாகக் கேள்விப்பட்டதில்லை. ஒரு காலத்தில் ரயில்வே அணிக்குக் கோல்கீப்பராக இருந்தவர். இப்போது ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகர். விடுமுறை நாட்களில் ஒரு பள்ளிக்கூட அணிக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"சும்மா பேருக்குச் சேத்திருக்காவ" என்றாள் ஜெனோவா, நெற்றிப்பட்டையை மாட்டிக்கொண்டே.

அந்த ஆண்டில் அவர்கள் அரையிறுதியில் தோற்றார்கள்.

அதில் தவமணி, முன்வரிசையில் ஆடுகிறவர்களையும் வாரத்துக்கு ஒருநாள் கோல் காவலுக்கு நிறுத்தினார். "பந்து மூஞ்சிக்கு நேரா வந்தா எப்படி இருக்கும்னு தெரியணும்லா? தெரிஞ்சாத்தான் பின்னால நிக்கவள நெனச்சு ஆடுவீய" என்றார். அரையிறுதி முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்கை அணித்தலைவி இசக்கி கம்பத்தில் அடித்தாள். கூட்டம் கலைந்த பிறகும் அவள் அந்த இடத்தை விட்டு எழவில்லை. தவமணி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஜெனோவாவின் தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு கோலுக்குள் போய் நின்றார்.

"அடி. கோவம் தீருத வரைக்கும் அடி."

இசக்கி அடித்தாள். அவர் தடுத்தார். அழுதுகொண்டே மறுபடி அடித்தாள். மறுபடியும் தடுத்தார். வெகுநேரம் கழித்து ஒரு பந்து தவமணியின் கால்களுக்கு நடுவே புகுந்து வலையில் விழுந்தது. அவர் அங்கேயே மல்லாந்து படுத்து, "போதும்டி, இடுப்பு போச்சு" என்று கத்தினார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்று சொல்லி எழுந்தார். அந்த இடத்தில் ஒத்திகை முடிந்தது.

இசக்கி விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. கட்டிலுக்குக் கட்டில் விசும்பல் கேட்டது. ஊழியர் பயந்துபோய் மேலாளரை அழைத்துவந்தார்.

அன்று மாலை வாக்குகளை எண்ணிய மாவட்டக் குழுச் செயலாளர் சங்கரபாண்டியன், திரையை இரண்டு முறை பார்த்தார்.

"ஏம்மா, ஜெயிக்க வைக்கிற ஆள விட்டுட்டு, தோக்க வைக்கிற ஆளையா கேக்கீய?"

"அந்தக் கப்புதான் வாங்கியாச்சே சார்" என்றாள் இசக்கி. "அத மறுபடி எதுக்கு வாங்கணும்?"

"எப்பம்மா வாங்குனீய? அது ஒத்திகை!"

"எங்களுக்கு அது போன வருசம் சார். தவமணி அக்காகூடதான் இன்னும் பாக்கி இருக்கு."

பத்து ஆண்டுகளாக இந்தப் பொறியைப் பயன்படுத்தியவர்களில் யாருக்கும் தோன்றாத சிக்கல் இது. வெற்றியை ருசி பார்த்தவர்களுக்கு அந்த வெற்றி பழசாகிவிட்டது. சங்கரபாண்டியன் விதிப்படி தவமணிக்குச் செய்தி அனுப்பினார்.

தவமணி நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மைதானத்துக்குள் நுழைந்ததும் பெண்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். இசக்கி கட்டிப்பிடித்தாள். ஒருத்தி பையை வாங்கினாள். இன்னொருத்தி சர்க்கரை போடாத தேநீரை நீட்டினாள். நான் சர்க்கரை சேர்க்க மாட்டேன் என்று இவளுக்கு யார் சொன்னது என்று தவமணி திகைத்தார். பிறகு இசக்கியின் தோளைத் தட்டி, "நீதான ஜெனோவா? நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார்.

இசக்கியின் கைகள் மெல்ல விலகின. "நான் இசக்கி, அக்கா."

வந்த நாளிலிருந்தே பயிற்சி இப்படித்தான் நடந்தது. தவமணி ஒன்றைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர்கள் அதைச் செய்துவிட்டார்கள். முன்வரிசைக்காரிகள் கோல் காவலுக்குத் தாங்களாகவே போய் நின்றார்கள். அவர் வேறு மாதிரி ஏதாவது சொன்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் அவர் ஒரு பெண்ணைக் கடுமையாகத் திட்டிவிட்டார். அவள் கோபப்படவே இல்லை. தாய் திட்டியதைப் போலப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையைத் தவமணியால் தாங்க முடியவில்லை.

பயிற்சி முடிந்து மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த இசக்கியிடம் வந்தார்.

"நான் போயிருதேன்மா."

இசக்கி நிமிர்ந்தாள்.

"நான் வாயத் தொறந்தா, 'அவ இப்படிச் சொல்லலையே'ன்னு உங்க கண்ணு தேடுது. உங்களுக்கு நான் ஒரு வருசம் பழகுனவ. எனக்கு நீங்கல்லாம் யாருன்னே தெரியாது. நான் சம்பாதிக்காத பாசம்மா இது. திருட்டு நகைய மாட்டிக்கிட்டு கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு."

"அக்கா, நீங்களும் அவங்களும் ஒண்ணுதான..."

"அப்படியா? அவ என்ன செஞ்சா? சொல்லு, கேப்போம்."

இசக்கி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சட்டம் மட்டும் அவளைத் தடுக்கவில்லை. சொல்லிவிட்டால் இந்த மனுஷி நாளைக்கே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அதேபோல் நிற்கப் பார்ப்பார். அவள் குனிந்து மட்டைகளை மறுபடி அடுக்கத் தொடங்கினாள்.

அன்று அணி முழுவதும் ஜெனோவாவின் வீட்டு மாடியில் கூடியது. ஒரு வழி இருந்தது. நினைவு நீக்கம். ஒத்திகையில் வாழ்ந்த ஆண்டை மட்டும் மூளையிலிருந்து எடுத்துவிட முடியும். அதன்பிறகு உண்மையில் நடந்தவை எல்லாம் அப்படியே இருக்கும். காதலித்துப் பார்த்து ஒத்துவராதவர்கள் செய்துகொள்வது அது.

"அப்போ அந்த அக்கா?" என்றாள் ஜெனோவா. "நம்ம மண்டைக்குள்ள மட்டுந்தானே அவங்க உசுரோட இருக்காவ. நாம எல்லாரும் மறந்துட்டா, வேற எங்க இருப்பாவ?"

கீழே தெருவில் மீன் வண்டி கூவிக்கொண்டு போனது.

"அவங்கள வச்சிக்கிட்டா இவங்க போயிருவாவ" என்றாள் இசக்கி கடைசியில். "இவங்களுக்குத்தான் பசிக்கும், தூக்கம் வரும், இடுப்பு வலிக்கும். இவங்களத்தான் நாம பாக்கணும்."

மறுநாள் ஒத்திகையகத்துக்குப் போகும் வழியில் இசக்கி தவமணியின் வீட்டுக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் தவமணி பதறினார்.

"எனக்காக அதெல்லாம் செய்யாதீயம்மா. நான் பாட்டுக்கு ஒதுங்கிக்கிடுதேன்."

"அவங்க வெறும் நெனப்புதான். நீங்களும் போயிட்டா எங்களுக்கு யாருமே இல்ல அக்கா." அவள் தவமணியின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பார்த்தது அவரை அல்ல என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. "நாளைக்கு நாங்க உங்கள முறைச்சிப் பாத்தாலும் பாப்போம். கோவிச்சுக்கிடாதீய, என்ன?"

தவமணி தலையை மட்டும் அசைத்தார். அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார்.

அருள்ராஜோடு வாழ்ந்த ஆண்டையும் நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெற்றியால் யாருக்கும் தொந்தரவு இல்லையே.

மறுநாள் காலையில் பயிற்சிக்கு வந்த பெண்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வாக்களித்தது நினைவிருந்தது. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தது நினைவிருந்தது, அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. அழுதுகொண்டே நினைவு நீக்கத்துக்குப் போனதும் தெரியும். எதற்காக அழுதோம் என்பது மட்டும் தெரியவில்லை. எதிரே சற்றுப் பருமனான, கட்டையான குரலுடைய ஒரு பெண்மணி விசிலோடு நின்றுகொண்டிருந்தார்.

"முன்வரிசை ஆளுங்க கோலுக்குப் போங்க" என்றார் தவமணி.

"நாங்க எதுக்குக் கோலுக்குப் போகணும்? முன்னால எதுக்குப் போய் நின்னோம்னே தெரியல" என்றாள் ஒருத்தி. "அருள்ராஜ் சார் இப்படில்லாம் சொல்லித்தர மாட்டாவ."

தவமணி அவளை வியப்போடு பார்த்தார். ஒரு நிழலிலிருந்து தப்பி இன்னொன்றில் மாட்டிக்கொண்டது அவருக்கு விளங்கியது. சிரிப்பு வந்தது. வெகுநாளாக அவர் சிரித்திருக்கவில்லை.

"அவரு சொல்லித்தர மாட்டாரு. நான் சொல்லித்தருவேன். போ."

இப்போது யாருடைய கண்ணும் அவரிடத்தில் வேறொருத்தியைத் தேடவில்லை. அவரோ, தான் வந்த முதல்நாளில் ஓடிவந்த அந்த முகங்களை இவர்களிடம் தேடிக்கொண்டிருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. பெயர்களைத் தப்பில்லாமல் கற்றுக்கொண்டார். யாருக்கு எந்த முட்டி வலிக்கும், யார் திட்டினால் இறுகிப்போவாள், யார் திட்டாவிட்டால் வாடுவாள் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டார்.

பொருநை மாவட்டத்தோடு நடந்த முதல் ஆட்டத்தில், சொன்னபடி பந்தைக் கொடுக்காமல் தானே ஓடிய இசக்கியை வெளியே அழைத்து உட்காரவைத்தார். ஆட்டம் சமனில் முடிந்ததும் இசக்கி நேராக அவரிடம் வந்தாள்.

"ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்காதீய. எல்லாரும் சேந்து உங்களுக்கு ஓட்டுப் போட்டோம். தலையணை நனைய அழுதது எனக்கு ஞாபகம் இருக்கு. நானும் இத்தன நாளாப் பாக்கேன். அழுகுற அளவுக்கு உங்ககிட்ட என்ன இருக்குன்னு எனக்குப் பிடிபடல."

"எனக்கும் பிடிபடலட்டி" என்றார் தவமணி. "தெரிஞ்சா எனக்கும் சொல்லு."

இசக்கிக்கு அந்தப் பதிலும் பிடிக்கவில்லை. விறுவிறுவென்று நடந்துபோனாள்.

செய்தி கேள்விப்பட்ட சங்கரபாண்டியன் அவளை அழைத்தார். "அந்தம்மாகூட மறுபடி ஒரு ஒத்திகை பாத்துருதீயளா? செலவ குழு பாத்துக்கிடும். வேண்டாம்னா இப்பவே மாத்திருவோம்."

இசக்கி யோசித்தாள். மைதானத்தின் மறுகோடியில் தவமணி ஜெனோவாவின் கால்காப்புகளை இழுத்துக் கட்டிக்கொண்டே ஏதோ கத்திக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் சார். இப்பத்தான் எனக்கு அவங்க மேல நெசமா ஒரு கோவம் வந்திருக்கு. அது கெட்டுப்போயிரக் கூடாது."

அந்த ஆண்டு கரிசல் மாவட்டம் காலிறுதியில் தோற்றது. நடுவரின் முடிவை எதிர்த்துத் தவமணி கோட்டைத் தாண்டி உள்ளே போய்ச் சண்டை போட்டார். நடுவர் அவரை வெளியேற்றினார். பயிற்சியாளர் இல்லாத குழப்பத்தில் இரண்டு கோல்கள் விழுந்தன. ஆட்டம் முடிந்ததும் அவரைக் காணவில்லை. இசக்கிதான் தேடிப் போனாள். பார்வையாளர் மேடைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் மறைவில், முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னாலதான் தோத்தோம்" என்றார் நிமிராமல்.

"ஆமா, உங்களாலதான்" என்றாள் இசக்கி. மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் உரசியது. இருவரும் நகரவில்லை. சற்று நேரத்தில் ஜெனோவா வந்தாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அடுத்த ஆண்டுக்கான பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்க எந்தத் தேதியில் ஒத்திகை வேண்டும் என்று கேட்டு, வழக்கம்போல ஒத்திகையகத்திலிருந்து அணிக்குச் செய்தி வந்தது. யாரும் பதில் அனுப்பவில்லை. திங்கட்கிழமை காலையில் எல்லோரும் பயிற்சிக்கு வந்தார்கள். தவமணி தாமதமாக வந்ததற்கு அவர்களிடம் திட்டு வாங்கினார்.