சூட்டறை முள்

காலையில்தான் எர்த்துக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தான் மாது. அப்படியும் சூடு காட்டும் மீட்டரின் முள் நடுங்கியது.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில், உலகச் சண்டைக்குப் பாராசூட் நெய்யப் பட்டு வேண்டுமென்று எழுப்பிய சூட்டறை அது. உள்ளே தட்டுத் தட்டாகப் பட்டுக்கூடு காயும். செத்த புழுவின் நாற்றம் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, போட்டிருக்கும் சட்டையிலும் தின்னும் களியிலும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே தொங்கும் சூட்டுக்கம்பி சுவர் ஓட்டை வழியாக வெளியே வந்து மீட்டரில் சேரும். குழியில் போட்ட உப்பும் கரியும் ஈரமாக இருந்தால், காத்தாடி மோட்டாரில் கசியும் கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். காய்ந்துபோனால் அந்தக் கரண்டு சூட்டுக்கம்பியில் ஏறி முள்ளை ஆட்டிவைக்கும். தினமும் குழியை நனைப்பது மாதுவின் வேலை.

அதைத்தான் அந்தப் பாவி செய்யவில்லை. போன சித்திரை வறட்சியில், குழிக்கென்று வந்த தண்ணீரைப் பத்து நாள் தன் எருமைக்குக் கொண்டுபோனான். முள் ஆடியது, ஆடினால் ஆடட்டும் என்று விட்டான். பதினோராம் நாள், தட்டு அடுக்கப் போன குள்ளம்மாள் உள்ளே இருப்பது தெரியாமல் கதவைத் தாழிட்டான். காத்தாடி இரைச்சலில் அவள் கத்தியது யார் காதில் விழும்? கம்பியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். முள் குதித்தது. குழி காய்ந்த கோளாறு என்று நினைத்து, மாது பீடியைப் பற்றவைத்தான். கதவைத் திறந்தபோது அவள் கம்பியைப் பிடித்தபடி வெந்து செத்துக் கிடந்தாள்.

"முள்ளு ஆடவே இல்லீங்க" என்று முதலாளியிடம் கூசாமல் சொன்னான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு இன்றுதான் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒருவரும் இல்லையென்று மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் தாழ் போட்டான். தாயின் வேலைக்கு வந்திருந்த குள்ளம்மாளின் மகள் சென்னம்மாள் பக்கத்தில் நின்றாள்.

"அது ஏங்கண்ணா ஆடுது?"

"குழி காஞ்சிருக்கும் புள்ள. இன்னொரு குடம் ஊத்திட்டு வா."

ஊற்றிவிட்டு வந்தாள். முள் நிற்கவில்லை. மாது குனிந்து குழி மண்ணை அள்ளிப் பார்த்தான். சொதசொதவென்று விரலிடுக்கில் ஒழுகியது. காத்தாடியை நிறுத்தினான். மோட்டார் முனகி அடங்கியது. இப்போது கசியக் கரண்டே இல்லை.

முள் ஆடியது.

அந்த அமைதியில் சுவர் ஓட்டையில் கம்பி உரசும் சத்தம் கேட்டது. சரக். சரக்.

சென்னம்மாள் முள்ளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"எங்காத்தா உள்ள இருந்தப்பவும் இப்படித்தான் ஆடுச்சுங்களா?"

எவ்வளவு நாள்தான் அதை விழுங்குவான்?

"ஆடுச்சு புள்ள. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். குழிக்குத் தண்ணி ஊத்தாம வுட்டவன் நான்தான்."

முள் நின்றது.

அவன் மூச்சு விடுவதற்குள் கம்பி விறைத்தது. மீட்டரிலிருந்து பிய்ந்தது. கீழே விழவில்லை. ஓட்டைக்குள் போனது. கொஞ்சம் கொஞ்சமாக. கிணற்றுக் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதுபோல.

சென்னம்மாள் கதவில் காதை வைத்தாள். தலையாட்டினாள். தாழை நீக்கிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"ஆத்தா உங்களைத்தான் கூப்புடுதுங்க."

கதவு உள்பக்கமாகத் திறந்தது. அனல். புழு நாற்றம். தட்டுகளுக்கு நடுவே, இழுத்த கம்பியை வெந்த கையில் சுற்றியபடி குள்ளம்மாள் நின்றிருந்தாள்.